மாறாத எழுத்துக்கள்

ஆறு விரல்களுடன் ஒரு குழந்தை பிறந்தால், அதிர்ஷ்டம் என்பர் சிலர். கிரகண வேளையில் தாய் வெளியே வந்த குற்றம் என்பர் வேறு சிலர். விஞ்ஞானம் யாது கூறுகின்றது என எம் மாணவர் ஒருவர் வகுப்பில் வினவினார். விடை கூறுமுன் பழைய ஏட்டுச் சுவடிகளைச் சற்று நினைவுகூர்வோம்.

ஏடுகளைப் பிரதி செய்யுங்கால் பிழை புகுவது இயல்பு. உயிர்களின் கலங்களிலுள்ள டி. என். ஏ. என்னும் சுவடியும் தலைமுறைதோறும் பிரதி செய்யப்படுகின்றது. அதிலும் பிழை புகுகின்றது. ஆயினும், பெருங்கேடு விளைக்கும் பிழையைச் சுமந்த உயிர் பெரும்பாலும் சந்ததியின்றி மறைந்துவிடும். ஆகவே, பல கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்த இனங்களிலும் ஒரு பகுதி மாறாதிருப்பின், அதற்கு இன்றியமையாத தொழில் உண்டென ஊகிக்கலாம்.

மனிதனின் சுவடியில் ஏறத்தாழ 300 கோடி எழுத்துக்கள் உள. புரதங்களை ஆக்கும் விதிகள் அதில் நூற்றுக்கு இரண்டு பங்குக்கும் குறைவு. எஞ்சியதைக் 'குப்பை' எனச் சிலர் ஒதுக்கினர். 2002 இல் எலியின் சுவடி வெளிவந்து, மனிதனுடையதோடு ஒப்புநோக்கப்பட்டபோது, அக்குப்பையினுள்ளும் மாறாத பகுதிகள் பல தென்பட்டன.

எடின்பரோ ஆராய்ச்சியாளர் 2003 இல் அறிவித்தது அத்தகைய ஒன்று. மனிதன், எலி, கோழி, மீன் ஆகிய யாவற்றிலும் காணப்படும் அப்பகுதியில் ஏறத்தாழ 800 எழுத்துக்களே உள. அது, 'சோனிக் ஹெட்ஜ்ஹொக்' என்னும் பரம்பரை அலகுக்குப் பத்து லட்சம் எழுத்துக்களுக்கு அப்பால் இருந்துகொண்டே, கைகால் வளரும் இடத்தில் அவ்வலகைத் தொழிற்படுத்துகின்றது. அதில் ஓரெழுத்துப் பிறழ்ந்தாலும் மிகை விரல் முளைக்கக்கூடும்.

2016 இல் எலியின் அப்பகுதியை நீக்கி, மீனின் பகுதியை அங்கே வைத்துப் பார்த்தனர். கால்கள் குறைவின்றி வளர்ந்தன. மலைப்பாம்பின் பகுதியை வைத்தபோதோ அவை குறுகிப்போயின. காலற்ற பாம்புக்கு அவ்வெழுத்துக்களைக் காக்கும் தேவை இல்லை. எனவே அவை சிதைந்தன.

எம் மாணவருக்கு நாம் கூறிய விடை இது: ஆறாவது விரலுக்குரிய காரணங்கள் பல, அவற்றுள் கிரகணம் இல்லை. தாயைப் பழிக்கும் நா இனியேனும் அடங்குக.