செல்போன் எண்ணைப் பாஸ்வேர்டாக வைக்காதீர்கள்

சென்ற தீபாவளிக்குப் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லோரும் ஏனாத்தூர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். முன்பெல்லாம் உள்ளே வந்ததும் தண்ணீர் கேட்பார்கள். இப்போது செருப்பைக் கழற்றும்போதே "தாத்தா, வைஃபை பாஸ்வேர்டு என்ன?" என்கிறார்கள். சென்ற முறை அதைச் சொல்லிச் சொல்லியே எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. அதில் கிடைத்த பாடத்தை எழுதலாம் என்று தோன்றியது. என் வயதுக்காரர்கள் பலர் வீட்டிலும் இதே கதைதான் என்று நினைக்கிறேன்.

முதலில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன். இணைய இணைப்பு கொடுக்க வந்த பையன், "ஐயா, பாஸ்வேர்டு என்ன வைக்கட்டும்? உங்க மொபைல் நம்பரையே போட்டுடறேன், மறக்காது" என்றான். நல்ல யோசனையாகப் பட்டது. தலையாட்டினேன். இரண்டு வருடம் அப்படியே ஓடியது. மாலை வேளையில் தொலைக்காட்சியில் படம் நின்று நின்று வரும். கம்பெனிக்காரன் ஏமாற்றுகிறான் என்று நானும் திட்டிக்கொண்டிருந்தேன்.

பேத்திதான் ஒருநாள் ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து காட்டினாள். இணைந்திருந்த கருவிகள் பதினான்கு. எங்கள் வீட்டில் இருப்பது ஐந்து. மீதி ஒன்பது யாருடையவை?

தெரிந்துகொள்ள அதிக நேரம் ஆகவில்லை. எங்கள் ஊரில் பல்கலைக்கழகம் இருப்பதால் அக்கம்பக்கத்தில் மாணவர்கள் வாடகைக்குத் தங்குவது வழக்கம். பக்கத்து மாடியில் இருந்த பிள்ளைகளிடம் கேட்டேன். ஒருவன் ஒளிவுமறைவில்லாமல், "சார், சும்மா உங்க நம்பரைப் போட்டுப் பார்த்தோம், கனெக்ட் ஆயிடுச்சு" என்றான். என் எண் அவனுக்கு எப்படித் தெரியும் என்று கேட்கவே வெட்கமாக இருந்தது. பால்காரர், சிலிண்டர் கொண்டு வருபவர், மருந்துக் கடைக்காரர் என்று யாரிடம் இல்லை அந்த எண்? பத்து பேருக்குத் தெரிந்த எண்ணைப் பூட்டாக வைத்துவிட்டு, திறந்தவனைக் குறை சொல்ல முடியுமா?

இதில் எனக்குப் பட்டது இணைய வேகம் குறைந்த வருத்தம் அல்ல. 2008 ஜூலை 26ஆம் தேதி ஆமதாபாத்தில் குண்டுகள் வெடித்து 50க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வெடிப்பதற்குச் சில நிமிடங்களுக்கு முன் தொலைக்காட்சி நிறுவனங்களுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அது எங்கிருந்து வந்தது என்று தேடிய போலீஸ், நவி மும்பை சான்பாடாவில் குடியிருந்த ஓர் அமெரிக்கரின் வீட்டில் போய் நின்றது. அவருடைய வைஃபையை யாரோ வெளியிலிருந்து பயன்படுத்தியிருந்தார்கள். அவருக்கும் சதிக்கும் சம்பந்தமில்லை என்பது பின்னால் தெரிந்தது. ஆனால் அதற்குள் விசாரணை, கணினிகள் பறிமுதல், செய்தித்தாள்களில் பெயர் என்று அந்த மனிதர் பட்ட பாடு கொஞ்சமல்ல. அதே ஆண்டு செப்டம்பரில் டெல்லி குண்டுவெடிப்பின்போது வந்த மின்னஞ்சலும் மும்பை செம்பூரில் ஒரு நிறுவனத்தின் வைஃபை வழியாக அனுப்பப்பட்டதுதான். 2009 தொடக்கத்தில், பூட்டில்லாத வைஃபை எங்கெங்கே இருக்கிறது என்று மும்பை போலீஸ் தெருத் தெருவாகத் தேடப் போவதாகச் செய்தி வந்தது.

அரசு அலுவலகத்தில் எழுத்தராக வேலை பார்த்தவனுக்கு இது எளிதில் புரியும். கோப்பில் யார் சுருக்கொப்பம் இருக்கிறதோ அவரைத்தான் கூப்பிட்டுக் கேட்பார்கள். "நான் படித்துப் பார்க்கவில்லை, வந்ததை மேலே அனுப்பினேன்" என்றால் விடமாட்டார்கள். வைஃபையும் அப்படியே. விண்ணப்பத்தில் என் பெயர், என் ஆதார், என் கையெழுத்து. அதன் வழியே யார் எதை அனுப்பினாலும் முதலில் என் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். பக்கத்து மாடிப் பிள்ளைகள் நல்ல பிள்ளைகள். ஆனால் அவர்கள் அந்த எண்ணை யாருக்குச் சொன்னார்களோ, அவர் யாருக்குச் சொன்னாரோ, எனக்கு என்ன தெரியும்?

செல்போன் எண் தெரியாதவனும் அதைக் கண்டுபிடித்துவிட முடியும் என்பது அடுத்த செய்தி. நம் எண்கள் 6, 7, 8, 9 ஆகியவற்றில் ஒன்றில் தொடங்கும் பத்து இலக்கம். மொத்தம் 400 கோடி வாய்ப்புகள். பெரிய எண் போலத் தெரிகிறது. ஆனால் ஒருவன் நம் வீட்டு வாசலில் நின்று, நம் போன் ரவுட்டரோடு இணையும்போது நடக்கும் பேச்சைப் பதிவு செய்துகொண்டு போய்விட்டால், வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு எண்ணாகப் பொருத்திப் பார்க்கலாம். விளையாட்டுக்கென்று விற்கும் நல்ல கணினி நொடிக்குப் பத்து லட்சம் எண்களைப் பார்த்துவிடும். கணக்குப் போட்டால் 4,000 நொடி, ஒரு மணி நேரமும் சொச்சமும். இது கற்பனையல்ல. 2021இல் இஸ்ரேலில் ஓர் ஆய்வாளர் டெல் அவிவ் நகரைச் சுற்றி வந்து 5,000 வைஃபைகளைச் சோதித்தார். சுமார் 70 சதவீதத்தின் பாஸ்வேர்டை உடைத்துவிட்டார். அவற்றில் ஏராளமானவை செல்போன் எண்கள். ஏனாத்தூரானாலும் டெல் அவிவானாலும் மனித புத்தி ஒன்றுதான்.

பயந்துபோய், மறுநாளே பதினாறு எழுத்தில் ஒரு பாஸ்வேர்டு வைத்தேன். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண், நட்சத்திரம், ஆச்சரியக்குறி எல்லாம் கலந்தது. தீபாவளிக்கு எல்லோரும் வந்து இறங்கினார்கள்.

நான் படித்தது பிரெஞ்சு மீடியம். அங்கே 'திக்தே' என்று ஒன்று உண்டு. ஆசிரியர் வாசிப்பார், நாங்கள் எழுத வேண்டும். எழுத்தின் தலையில் போடும் ஒரு சின்னக் கோடு திசை மாறினாலும் மதிப்பெண் போய்விடும். அறுபது வருடம் கழித்து ஆசிரியர் வேலை எனக்கு வந்தது. "பெரிய எஸ்... இல்லை, அது சின்ன எஸ். அடுத்தது ஓ இல்லை, பூஜ்யம்." கேட்பவன் ஆறு முறை தப்பாக அடித்தான். மருமகன் தொலைக்காட்சி ரிமோட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாக அம்புக்குறியை நகர்த்திக் கால் மணி நேரம் போராடினார். கடைசியில் என் மனைவி, "பேசாமல் பழைய நம்பரையே வைத்துத் தொலையுங்களேன்" என்றாள். உண்மையைச் சொன்னால், நானும் அந்த முடிவுக்குத்தான் வந்திருந்தேன்.

இந்த இடத்தில்தான் என் கருத்து. மக்கள் சோம்பேறித்தனத்தால் எளிய பாஸ்வேர்டு வைப்பதில்லை. கடினமானதை வைத்தால் வீட்டில் நிம்மதி போகிறது என்பதால் வைக்கிறார்கள். ஆகவே "வலுவான பாஸ்வேர்டு வையுங்கள்" என்று உபதேசம் செய்து பயனில்லை. குறைக்க வேண்டியது வலுவை அல்ல, அதைத் தட்டச்சு செய்யும் வேலையை. இதற்கு இரண்டு வழி இருக்கிறது. இரண்டும் காசில்லாதவை.

முதல் வழி, குறிகளை விட்டுவிட்டுச் சொற்களுக்குப் போவது. எண்ணும் குறியும் கலந்தே தீர வேண்டும் என்ற விதியைப் பரப்பியவர்களில் ஒருவர் பில் பர். அமெரிக்க அரசின் தர நிறுவனத்தில் 2003இல் அந்தக் கையேட்டை எழுதியவர். ஓய்வுபெற்ற பிறகு, 2017இல், தான் சொன்னதில் பலவற்றுக்காக இப்போது வருந்துவதாக ஒரு பத்திரிகையிடம் ஒப்புக்கொண்டார். ஓய்வுக்குப் பிறகு தன் சுற்றறிக்கையைத் தானே தப்பு என்று சொன்ன அரசு ஊழியரை நான் வேறு கண்டதில்லை. அவருக்கு என் வணக்கம். அந்த நிறுவனமும் அதே ஆண்டு அந்த விதியைக் கைவிட்டது.

அதைவிட நல்ல முறையை 1995இலேயே ஆர்னால்ட் ரைன்ஹோல்ட் என்பவர் சொல்லியிருக்கிறார். 7,776 சொற்கள் கொண்ட ஒரு பட்டியல். பகடையை ஐந்து முறை உருட்டினால் வரும் ஐந்திலக்க எண்ணுக்கு எதிரே ஒரு சொல் இருக்கும். இப்படி ஐந்து சொற்களை எடுத்து வரிசையாக எழுதினால் அதுவே பாஸ்வேர்டு. நாமாக யோசித்தால் பிள்ளை பெயர், குலதெய்வம், பிறந்த வருடம் என்றுதான் போகும். பகடைக்குக் குலதெய்வம் கிடையாது. அதே கணினி நொடிக்குப் பத்து லட்சம் என்று தேடினாலும், நான்கு சொற்களை முழுதும் தேடி முடிக்க நூறு வருடத்துக்கு மேல், ஐந்து சொற்களுக்கு ஒன்பது லட்சம் வருடம். எல்லாம் சின்ன எழுத்து, சாதாரணச் சொற்கள். ரிமோட்டில் அடிக்கவும் சுலபம், வாயால் சொல்லவும் சுலபம். வைஃபை பாஸ்வேர்டு 63 எழுத்துவரை இருக்கலாம் என்பதால் இடத்துக்கும் பஞ்சமில்லை. எங்கள் வீட்டில் பேத்தி உருட்டினாள். நம் தாயக்கட்டை உதவாது, அதற்கு நான்கு பக்கம்தான். ஆறு பக்கம் கொண்ட லூடோ பகடை வேண்டும்.

இரண்டாவது வழி, தட்டச்சே இல்லாமல் செய்வது: கியூஆர் கோடு. டீக்கடையில் பத்து ரூபாய் கொடுக்கத் தினமும் ஸ்கேன் செய்கிறோமே, அதே கட்டம்தான். 1994இல் ஜப்பானில் டென்சோ நிறுவனம் வாகன உதிரிப் பாகங்களைக் கணக்கு வைக்க உருவாக்கியது. வைஃபையின் பெயரையும் பாஸ்வேர்டையும் அதில் அடைத்துவிட்டால், விருந்தாளி போன் கேமராவைக் காட்டியதும் இணைப்பு வந்துவிடும். ஆண்ட்ராய்டு 10க்குப் பிந்தைய போன்களில், வைஃபை அமைப்பில் 'ஷேர்' என்பதைத் தொட்டால் போனே இந்தக் கட்டத்தைக் காட்டும். புதிய ஐபோன்களில் பாஸ்வேர்டு செயலியில் இருக்கிறது. முன்பின் தெரியாத இணையதளத்தில் பாஸ்வேர்டைக் கொடுத்துக் கட்டம் செய்து வாங்காதீர்கள்.

இதிலும் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். அந்தக் கட்டத்தை ஜெராக்ஸ் கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி அச்செடுத்து வந்து சுவரில் ஒட்டினேன். "தாத்தா, கடைக்காரர் போன்ல இப்ப நம்ம பாஸ்வேர்டு இருக்கே" என்றாள் பேத்தி. கியூஆர் கோடு ரகசியமல்ல. அது வேறு சட்டை போட்ட பாஸ்வேர்டு, அவ்வளவுதான். மறுபடியும் மாற்றினேன்.

இந்த முறை கைகொடுத்தவர் எங்கள் தெருவில் பட்டுப் புடவைக்கு டிசைன் போடும் நண்பர். போன் திரையில் இருந்த கட்டத்தைப் பார்த்துவிட்டு, "இது என்ன சார் பிரமாதம், பக்கத்துக்கு முப்பத்து மூணு கட்டம்தானே" என்றார். கிராப் தாளில் ஒரு மாலைக்குள் கறுப்பு மையால் நிரப்பிக் கொடுத்துவிட்டார். தறியின் மேலே ஜக்கார்டு பெட்டியில் ஓடும் அட்டையும் இதே கணக்குத்தானே: துளை இருந்தால் இழை எழும்பும், இல்லையென்றால் எழும்பாது. லியோன் நகரத்து ஜக்கார்டு 1804இல் செய்த கருவி காஞ்சிபுரம் தறியில் இன்றும் உட்கார்ந்திருக்கிறது. நெசவாளி மயிலையும் அன்னத்தையும் ஒவ்வொரு இழையாக நினைவில் வைத்துக்கொண்டு எழுப்புவதில்லை. அட்டை நினைவு வைத்துக்கொள்கிறது, அவர் புடவையை நெய்கிறார். நண்பர் இரண்டு கட்டங்களைத் தவறாக நிரப்பியிருந்தார் என்று பேத்தி பின்னால் கண்டுபிடித்தாள். ஆனாலும் போன் சரியாகவே படித்தது. கொஞ்சம் பிழை இருந்தாலும் பொறுத்துக்கொள்ளும்படிதான் கியூஆர் கோட்டை அமைத்திருக்கிறார்கள். என் திக்தே ஆசிரியருக்கு அந்தக் குணம் கிடையாது.

இன்னும் இரண்டு வேலை பாக்கி. பெரும்பாலான ரவுட்டர்களில் 'கெஸ்ட்' என்று தனி வைஃபை வைக்கலாம். சுவரில் இருப்பது அதன் கட்டம்தான். யாராவது படம் பிடித்துக்கொண்டு போனாலும் எங்கள் தொலைக்காட்சியும் கணினியும் இருக்கும் பக்கம் வர முடியாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றிவிட்டால் தீர்ந்தது. அடுத்தது, 'டபிள்யூபிஎஸ்' என்ற வசதியின் எட்டு இலக்கப் பின் எண்ணை அணைத்துவிடுங்கள். தட்டச்சு வேலையைக் குறைக்கத்தான் அதையும் கொண்டுவந்தார்கள். ஆனால் பல ரவுட்டர்கள் அந்த எண்ணை இரண்டு பாதியாகப் பிரித்துச் சரிபார்க்கின்றன என்பது 2011இல் அம்பலமானது. கோடிக் கணக்கில் முயல வேண்டிய இடத்தில் 11,000 முயற்சி போதும் என்று ஆகிவிட்டது. சுலபம் என்று சொல்லப்படுவதெல்லாம் நல்லதல்ல என்பதற்கு இது சாட்சி.

இணைப்பு கொடுக்கும் கம்பெனிகளுக்கும் ஒரு வேண்டுகோள். வயதானவர் வீட்டில் "நம்பரையே போட்டுடறேன்" என்று சொல்லும்படி பையன்களைப் பழக்காதீர்கள். ஒவ்வொரு ரவுட்டருக்கும் ஒரு நல்ல பாஸ்வேர்டும், அதன் கட்டம் அச்சிட்ட ஓர் அட்டையும் கொடுங்கள். அதற்கு ஆகும் செலவு ஒரு டீக்காசு. நாங்கள் அதைப் பீரோவில் பத்திரத்தோடு வைத்துக்கொள்வோம். ரேஷன் கார்டைக் காப்பாற்றிய தலைமுறை இதையும் காப்பாற்றும்.

பாஸ்வேர்டைப் பிரெஞ்சில் 'மோ த பாஸ்' என்பார்கள். கடந்து போவதற்கான சொல் என்று பொருள். நம் 'கடவுச்சொல்'லும் அதுதான். கடக்க வேண்டியவர்கள் சிரமமில்லாமல் கடக்க வேண்டும், மற்றவர்கள் வெளியே நிற்க வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் அது கடவுச்சொல் இல்லை.

பொங்கலுக்கு எல்லோரும் மறுபடி வந்தார்கள். கூடத்துச் சுவரில் காலண்டருக்குப் பக்கத்தில் கட்டம் மாட்டியிருக்கிறது. யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. பக்கத்து மாடிப் பிள்ளைகளுக்குப் பரீட்சை நேரத்தில் வேண்டுமென்றால் வந்து ஸ்கேன் செய்துகொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறேன். வருகிறார்கள். கேட்டுவிட்டு வருகிறார்கள்.