பணம் எவ்வளவு, எப்போது?

பணம் கூடினால் மகிழ்ச்சி கூடுமா என்று விசாரிக்கப் புறப்படும் எவரும் 75,000 டாலர் என்ற எண்ணில் வந்து முட்டிக்கொள்வார்கள். ஆண்டுக்கு அவ்வளவு வருமானம் வந்துவிட்டால் அதற்கு மேல் வரும் பணத்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று பத்திரிகைகளும் மேடைப் பேச்சாளர்களும் பல வருடங்களாகச் சொல்லிவருகிறார்கள். சிலர் அதை ரூபாயில் பெருக்கி, மாதம் ஐந்து லட்சம் இருந்தால் போதும் என்று நமக்கும் கணக்குப் போட்டுக் கொடுக்கிறார்கள். அந்த எண்ணை யாரும் கட்டிவிடவில்லை. ஆனால் எந்தக் கேள்விக்கு அது விடையாக வந்தது என்பது மட்டும் வழியில் எங்கோ தொலைந்துவிட்டது. அதைத் தேடி எடுத்தால்தான் மற்றவை புரியும்.

அந்த எண் வந்த இடம் 2010-இல் வெளியான ஓர் ஆய்வு. எழுதியவர்கள் டேனியல் கானெமன், ஆங்கஸ் டீட்டன். பொருளாதாரத்துக்கான நோபல் பரிசை முன்னவர் 2002-இலும் பின்னவர் 2015-இலும் பெற்றவர்கள். 2008, 2009 ஆண்டுகளில் அமெரிக்கர்களிடம் காலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் திரட்டிய சுமார் 4,50,000 பதில்களை எடுத்துக்கொண்டு அவர்கள் உட்கார்ந்தார்கள். அதில் இரண்டு வகைக் கேள்விகள் இருந்தன. ஒன்று, பூஜ்யத்திலிருந்து பத்து வரை படிகள் உள்ள ஏணி. மேல்படி உங்களால் எண்ணிப் பார்க்க முடிந்த மிக நல்ல வாழ்க்கை, அடிப்படி மிக மோசமானது. இப்போது எந்தப் படியில் நிற்கிறீர்கள்? இன்னொன்று, நேற்று எப்படி இருந்தீர்கள்? சிரித்தீர்களா, கவலைப்பட்டீர்களா, மனம் சோர்ந்து கிடந்தீர்களா? ஆம் அல்லது இல்லை என்று சொன்னால் போதும்.

வருமானம் கூடக் கூட ஏணியில் மக்கள் ஏறிக்கொண்டே போனார்கள். அந்த ஏற்றம் எங்கும் நிற்கவில்லை. நேற்றைய மனநிலை மட்டும் குடும்ப வருமானம் 75,000 டாலரைத் தொட்ட பிறகு பெரிதாக மாறவில்லை. ஒரே ஆய்வில் இரண்டு விடைகள். உலகம் சுற்றியது அதில் பாதிதான்.

2021-இல் மேத்யூ கில்லிங்ஸ்வொர்த் என்ற உளவியலாளர் வேறு வழியில் அளந்தார். வேலைக்குப் போகும் 33,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கர்களின் செல்பேசியில் ஒரு செயலி அவ்வப்போது சிணுங்கும். அந்த நிமிடம் மனம் எப்படி இருக்கிறது என்று ஒரு கோட்டில் புள்ளியை நகர்த்திக் காட்ட வேண்டும். ஆம், இல்லை என்ற இரண்டே பதில் கிடையாது. மிக மோசத்திலிருந்து பிரமாதம் வரை எந்த இடத்திலும் நிறுத்தலாம். இப்படி அளந்தபோது மனநிலையும் வருமானத்தோடு ஏறிக்கொண்டே போனது. 75,000 டாலரில் எந்தத் தடுப்பும் தென்படவில்லை.

இத்தகைய முரண் வந்தால் ஆளுக்கொரு கட்சியாகப் பிரிந்து மறுப்புக் கட்டுரை எழுதிக்கொண்டிருப்பதுதான் அறிவுலக வழக்கம். கானெமனும் கில்லிங்ஸ்வொர்த்தும் அப்படிச் செய்யாமல் பார்பரா மெல்லர்ஸ் என்ற உளவியலாளரை நடுவராக வைத்துக்கொண்டு, கணக்கைச் சேர்ந்தே மறுபடி போட்டார்கள். இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் மதிப்புக்குரியதாகப் படுவது இந்தச் செயல்தான். 2023-இல் வந்த அவர்களது முடிவு இது: பெரும்பாலானவர்களுக்கு வருமானத்தோடு மனநிலையும் சீராக உயர்கிறது. வருந்திக் கிடப்பவர்கள், அதாவது மகிழ்ச்சி வரிசையில் கடைசி ஐந்தில் ஒரு பங்கினர், மட்டும் வேறு மாதிரி. சுமார் ஒரு லட்சம் டாலர் வரை பணம் அவர்களது துயரத்தை வேகமாகக் குறைக்கிறது. அதன் பிறகு குறைப்பதில்லை. 2010-இன் ஆம்-இல்லைக் கேள்விகளுக்கு மகிழ்ச்சியாக இருப்பவர்களில் அநேகம் பேர் ஆம் என்றே சொல்லிவிடுவதால், அவர்களுக்குள் இருந்த ஏற்ற இறக்கத்தை அந்தக் கேள்விகளால் பிடிக்க முடியவில்லை. அந்த ஆய்வு கண்டது மகிழ்ச்சியின் எல்லை என்று எல்லோரும் நினைத்தார்கள். உண்மையில் அது பணத்தால் தீர்க்கக்கூடிய துன்பத்தின் எல்லை. அதற்கு மேலும் மிஞ்சுகிற துயரம் மனமுறிவு, சாவு, மனச்சோர்வு நோய் போன்றவை.

பணத்தின் பங்கு எவ்வளவு பெரியது என்பதற்கும் அந்த 2023 கட்டுரையில் ஓர் அளவு இருக்கிறது. வருமானம் நான்கு மடங்கு வித்தியாசப்பட்டால் மனநிலையில் வரும் வித்தியாசம், வார நாளுக்கும் வார விடுமுறைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு ஏறக்குறைய சமம். தலைவலி வந்தால் மனநிலை இறங்குவதில் அது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. நன்றாகச் சம்பாதிக்கும் ஒருவர் அடுத்த சம்பள உயர்வை நம்பி உறக்கத்தையும் உடம்பையும் விற்பதற்கு முன் இந்த அளவை நினைத்துக்கொள்வது நல்லது.

இங்கே எல்லா ஆய்வுகளும் "மடங்கு" என்றே பேசுவதைக் கவனிக்க வேண்டும். ஜவுளிக்கடையில் நின்றுகொண்டே மாதம் 12,000 ரூபாய் வாங்கும் பெண்ணுக்குச் சம்பளம் இரட்டித்தால் எவ்வளவு ஏற்றமோ, அதே ஏற்றத்தை மாதம் 1,20,000 வாங்கும் பொறியாளர் காண அவருக்கு இன்னொரு 1,20,000 வர வேண்டும். வெறும் 12,000 வந்தால் அது அவருக்குப் பத்து சதவீத உயர்வு. பிடித்தம் போக என்ன வந்தது என்று சம்பளச் சீட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார். "ஆயிரம் ரூபாயில் என்ன மாறிவிடப் போகிறது" என்று கேட்பவர்கள் பெரும்பாலும் தங்கள் வருமானத்தை வைத்தே கேட்கிறார்கள். 2023 செப்டம்பரில் காஞ்சிபுரத்தில் தொடங்கப்பட்ட கலைஞர் மகளிர் உரிமைத் தொகையை ஒட்டியும் இந்தக் கேள்வி வந்தது. மாதம் 1,000 ரூபாய் என்பது யாருடைய கையில் விழுகிறது என்று பார்க்காமல் அதன் பெறுமதியைச் சொல்லவே முடியாது.

சரி, பணம் மகிழ்ச்சியைத் தருகிறதா, இல்லை சுபாவமாகவே கலகலப்பாக இருப்பவர்கள் நன்றாகச் சம்பாதிக்கிறார்களா? நியாயமான சந்தேகம். இதைப் பிரித்தறிய லாட்டரி உதவும். பரிசு யாருக்கு விழும் என்பது சுபாவத்தைப் பார்த்து முடிவாவதில்லை. லாட்டரி என்றதும் 1978-இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் நடந்த ஆய்வைத்தான் எல்லோரும் எடுத்துக்காட்டுவார்கள். பரிசு விழுந்தவரும் விபத்தில் முடங்கிப்போனவரும் கடைசியில் ஒரே அளவு மகிழ்ச்சிக்கு வந்துவிடுகிறார்கள் என்பார்கள். அந்த ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. ஐந்துக்கு மதிப்பெண் போட்டதில் பரிசு பெற்றவர்கள் 4.00, சாதாரண மக்கள் 3.82, முடங்கியவர்கள் 2.96. முடங்கியவர்கள் மற்றவர்களைவிட நன்றாகவே கீழே இருந்தார்கள். பரிசு பெற்றவர்களாக அதில் இருந்ததே 22 பேர்தான். அத்தனை சிறிய கூட்டத்தை வைத்துக்கொண்டு பணத்தால் பயனில்லை என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. 2020-இல் வெளியான ஸ்வீடன் ஆய்வு இன்னும் நம்பகமானது. பரிசு விழுந்து 5 முதல் 22 ஆண்டுகள் கழித்து வென்றவர்களைக் கேட்டபோதும், பெரிய தொகை பெற்றவர்கள் வாழ்க்கையில் திருப்தி கூடியிருப்பதாகச் சொன்னார்கள். பத்தாண்டு தாண்டியும் அது தேயவில்லை. அன்றாட மகிழ்ச்சியில் மட்டும் மாற்றம் சிறிது.

நாடே பணக்கார நாடானால் என்ன ஆகும் என்பது தனி வழக்கு. போருக்குப் பிந்தைய அமெரிக்காவில் வருமானம் ஏறியும் மகிழ்ச்சி ஏறவில்லை என்று ரிச்சர்ட் ஈஸ்டர்லின் 1974-இல் காட்டினார். எல்லோருக்கும் சேர்ந்தே கூடும்போது பக்கத்து வீட்டோடு ஒப்பிட்டால் நாம் இருந்த இடத்திலேயே நிற்கிறோம் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. பொருளாதார அறிஞர்கள் இன்றுவரை அதில் ஒத்துப்போகவில்லை. ஒரு குடும்பம் கடனிலிருந்து மீள்வதைப் பற்றி அந்த வாதம் எதுவும் சொல்வதில்லை என்பதால் இங்கே அதை விட்டுவிடலாம்.

கடனிலிருந்து மீள்வது என்றால் என்ன என்பதை மிக நெருக்கமாகப் பார்த்த ஆய்வு நம் ஊரில்தான் நடந்தது. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களின் 54 கிராமங்களில் கரும்பு போடும் 464 விவசாயிகள். நடத்தியவர்கள் ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபீர், ஜியாயிங் ஜாவ். 2013-இல் 'சயன்ஸ்' இதழில் வெளிவந்தது.

கரும்புக்காரருக்கு வருஷ வருமானத்தின் பெரும்பகுதி வெட்டு முடிந்து ஒரே தடவையாக வருகிறது. அந்தப் பணம் கைக்கு வரும்வரை உரக்கடை பாக்கி, பிள்ளைகள் ஃபீஸ், வீட்டில் ஒரு விசேஷம் என்றால் மொய், எல்லாமே கைமாற்றிலும் அடகிலும்தான் ஓடும். வெட்டுக்கு முன் அவர்களில் 78 சதவீதம் பேர் ஏதாவது ஒன்றை அடகு வைத்திருந்தார்கள். பணம் வந்த பிறகு 4 சதவீதம். கடன் இருந்தவர்கள் முன்பு 99 சதவீதம், பின்பு 13. ஒரே ஆள், ஒரே வருஷம். சில மாத இடைவெளியில் ஏழையாகவும் ஓரளவு வசதியானவராகவும் இருக்கிறார்.

இரண்டு காலத்திலும் அவர்களுக்குச் சின்னச் சோதனைகள் கொடுத்தார்கள். எழுத்தறிவு குறைவாக இருந்தவர்களையும் கருதி எண்களை வைத்தே ஒன்று: அட்டையில் "5 5 5" என்று இருக்கும், எத்தனை எண்கள் இருக்கின்றன என்று சட்டென்று சொல்ல வேண்டும். கண் ஐந்து என்கிறது, பதில் மூன்று. நாக்கு நுனிக்கு வந்த ஐந்தை விழுங்கிவிட்டு மூன்று சொல்ல மனசு ஓர் இடத்தில் நிற்க வேண்டும். வெட்டுக்கு முன் இதை முடிக்கச் சராசரியாக 146 விநாடிகள் பிடித்தன, பின்பு 131. விட்டுப்போன கட்டத்துக்குப் பொருந்தும் படத்தைத் தேர்ந்தெடுக்கும் இன்னொரு சோதனையில் முன்பு 4.35 சரி, பின்பு 5.45.

வெட்டுக்கு முன் வேலை அதிகமாக இருந்திருக்கலாம், சாப்பாடு குறைந்திருக்கலாம், இரண்டாம் முறை பழக்கத்தால் நன்றாகச் செய்திருக்கலாம் என்றெல்லாம் தோன்றும். அவற்றையும் சரிபார்த்தார்கள். பழக்கத்தின் பங்கை அறிய, வெட்டுக்குப் பிறகு முதன்முறையாகச் சோதிக்கப்பட்ட நூறு பேர் தனியே இருந்தார்கள். பருவத்தின் பங்கைக் கழிக்க ஆலைகளின் முறையே உதவியது. ஆலையின் அரவைத் திறனுக்கு ஏற்பத்தான் வெட்டு உத்தரவு வரும் என்பதால், ஒருவர் பணம் வாங்கி நகையை மீட்டுவிட்ட அதே மாதத்தில் பக்கத்துக் காட்டுக்காரரின் கரும்பு இன்னும் நின்றுகொண்டிருக்கும்.

இந்த ஆய்வு மகிழ்ச்சியை அளக்கவில்லை. ஆனாலும் இந்தக் கேள்விக்கு இதைவிடப் பொருத்தமான சாட்சியம் எனக்குத் தெரியவில்லை. கடனாளியின் மூளை அவருடைய கையில் இல்லை. வட்டித் தேதி அதைப் பிடித்து வைத்திருக்கிறது. பிள்ளை பேசுவது காதில் விழாமல் போவது, மாத்திரை வேளை தவறுவது, அவசரத்தில் இன்னொரு மோசமான கடனுக்குக் கையெழுத்துப் போடுவது எல்லாம் அங்கிருந்துதான் வருகின்றன. ஏழைகள் யோசிக்காமல் செலவழிப்பதால்தான் ஏழைகளாக இருக்கிறார்கள் என்று பேசுகிறவர்களுக்கு அந்த 15 விநாடிகள் பதில் சொல்கின்றன. பணம் வந்ததும் அதே மனிதர் தெளிவாக யோசித்தார். கானெமனும் டீட்டனும் 2010-இலேயே எழுதிய, யாரும் அதிகம் பேசாத இன்னொரு வரியும் இதோடு சேர்கிறது: விவாகரத்து, நோய், தனிமை ஆகியவற்றின் வலி வருமானம் குறைந்தவர்களுக்குக் கூடுதலாக இருக்கிறது. இந்தோனேசியாவில் ஏழைக் குடும்பங்களுக்கு அரசு நேரடியாகப் பணம் கொடுத்த பகுதிகளில் தற்கொலைகள் சுமார் 18 சதவீதம் குறைந்தன என்பது இன்னும் கனமான சான்று.

ஆகவே, போதுமென்ற மனம் வேண்டும் என்ற அறிவுரையை யாரிடம் சொல்கிறோம் என்று பார்த்துச் சொல்ல வேண்டும். நாலு வீடு கட்டிவிட்டு ஐந்தாவதற்கு அலைபவரிடம் சொல்லலாம். நகை ஏலத்துக்கு வரும் தேதியை எண்ணிக்கொண்டிருப்பவரிடம் சொன்னால் அது கொடுமை. கூலி உயர்வு கேட்கும் இடத்திலும் நிலுவை கேட்கும் இடத்திலும் அந்த அறிவுரை பலமுறை வந்து உட்கார்ந்துகொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

தொகை கூடாமலேயே நிம்மதி கூட முடியும் என்பதும் கரும்புக்காரர்கள் காட்டிய உண்மைதான். அவர்களது வருஷ வருமானம் மாறவில்லை. கைக்கு வந்த நாள்தான் மாறியது. வாராவாரம் கூலி, முதல் தேதி சம்பளம், தவறாமல் வரும் ஓய்வூதியம் ஆகியவற்றின் மதிப்பை ரூபாய் கணக்கில் மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும். கரும்பைப் பொறுத்தவரை இதற்குச் சட்டமே இருக்கிறது. 1966-ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, ஆலைக்குக் கரும்பு சேர்ந்த 14 நாட்களுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். தாமதமானால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி சேர்த்துக் கொடுக்க வேண்டும். நிலுவைக்காக ஆலை வாசலில் விவசாயிகள் உட்காரும் போராட்டங்கள் தமிழ்நாட்டுக்குப் புதியவை அல்ல. எத்தனை பேருக்கு 14 நாளில் பணம் போனது, தாமதமானவர்களில் எத்தனை பேருக்கு அந்த வட்டி கிடைத்தது என்பதை ஒவ்வோர் அரவைப் பருவத்தின் முடிவிலும் சர்க்கரைத் துறை ஆணையரகம் ஆலைவாரியாக வெளியிட வேண்டும்.