மாட்டுக்கு வாங்கிய தாது உப்பு பன்றிக் குட்டிக்கு ஆகாது

பாபநாசம் வட்டாரத்தில் நெல்லுக்குக் குறைவில்லை. ஆதலால் தவிட்டுக்கும் குறைவில்லை. வெண்பன்றி வளர்க்க முன்வருவோர் தவிட்டை நம்பியே இறங்குகின்றனர். பால் மறந்த குட்டிகள் கழிந்து மெலிந்தால், மாட்டுக்கு வாங்கிய தாது உப்புக் கலவையில் ஒரு கைப்பிடி அள்ளிப் போடுவோரும் உண்டு. இது நோயைக் கூட்டும் வைத்தியம்.

தவிட்டில் மணிச்சத்து ஏராளம். ஆனால் அதில் பெரும்பகுதி பைட்டேட் என்னும் வடிவில் இருக்கிறது. இதைச் சிதைக்கும் நொதி பன்றியின் குடலில் மிகக் குறைவு. சிதையாத பைட்டேட், தீவனத்திலுள்ள துத்தநாகத்தைப் பிடித்துக்கொண்டு சாணத்தோடு போய்விடுகிறது. சுண்ணாம்புச் சத்து மிகுந்தால் அந்தப் பிடி மேலும் இறுகும். மாட்டுக் கலவையில் மிகுந்திருப்பதோ சுண்ணாம்புச் சத்துதான்! குட்டியின் தோல் தடித்துச் செதில் செதிலாக வெடிப்பதைச் சொறி என்றெண்ணி வேப்பெண்ணெய் தடவிப் பயனில்லை. 1955-ல் அமெரிக்க ஆய்வாளர்களான டக்கரும் சால்மனும் இந்நோயைத் துத்தநாகம் கொடுத்தே குணப்படுத்திக் காட்டினர்.

நெற்பயிருக்கு ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட் இடும் விவசாயிக்கு இது விளங்காத செய்தியல்ல. அதற்காக உர மூட்டையிலிருந்து எடுத்துத் தீவனத்தில் கலக்கக் கூடாது. உரத்தில் ஈயம், காட்மியம் போன்ற நச்சுகள் இருக்கக்கூடும்.

சுண்ணாம்பினால் இன்னொரு கேடும் உண்டு. பால் மறந்த குட்டியின் இரைப்பையில் போதிய அமிலம் சுரப்பதில்லை. இருக்கும் அமிலத்தையும் சுண்ணாம்பு முறித்துவிடுவதால் புரதம் செரியாமல் குடலுக்கு இறங்குகிறது. கழிச்சல் கிருமிகளுக்கு அதுவே விருந்து.

இரும்புச் சத்தின் கதை வேறு. குட்டிக்கு நாளொன்றுக்குச் சுமார் 7 மில்லிகிராம் இரும்பு தேவை. தாய்ப்பாலில் கிடைப்பதோ ஏறத்தாழ 1 மில்லிகிராம். மண்ணைக் கிளறித் திரிந்த குட்டிகள் மண்ணிலிருந்தே இரும்பைப் பெற்றன. சிமெண்டுத் தரையில் அதற்கு வழியில்லை. எனவே மூன்றாம் நாள் வாக்கில் கால்நடை மருத்துவரைக் கொண்டு இரும்பு ஊசி போடுவது அவசியம். இதை விட்டுவிட்டுப் பிறகு எந்தக் கலவை வாங்கினாலும் வீண்.

கழிச்சலை நிறுத்த ஒரு டன் தீவனத்துக்கு மூன்று கிலோ அளவில் துத்தநாக ஆக்ஸைடு கலக்கும் வழக்கம் மேல்நாடுகளில் நெடுங்காலம் இருந்தது. கழிச்சல் நின்றது உண்மை. ஆனால் உண்டதில் பெரும்பகுதி சாணத்தின் வழியே நிலத்தில் சேர்ந்தது. மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகவும் துணைபோயிற்று. ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜூனுடன் இதை நிறுத்திவிட்டது. அங்கே கைவிட்டதை இங்கே புதுமை என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. பன்றிச் சாணம் போய்ச் சேர்வது நம் வயலில்தானே?

குட்டித் தீவனம் ஒரு கிலோவுக்குத் துத்தநாகம் 100 மில்லிகிராம், இரும்பு 100, தாமிரம் 6 என்ற அளவே போதுமானது. இதைக் கைப்பிடியால் அளக்க முடியாது. முதலில் சிறிதளவு தவிட்டில் கலந்து, பின்பு மொத்தத் தீவனத்தோடு சேர்க்க வேண்டும். தவிட்டின் பங்கைக் குறைத்து மக்காச்சோளத்தைக் கூட்டுவதும் நல்லது. தாமிரம் மிகுதியாகச் சேர்த்த பன்றித் தீவனம் ஆட்டுத் தொட்டிக்குப் போய்விடாமல் பார்த்துக்கொள்க. செம்மறிக்கு அது நஞ்சு.

இரண்டு தாய்ப்பன்றி வைத்திருப்பவர் 25 கிலோ மூட்டை வாங்கி என்ன செய்வார்? பன்றிக்கென்றே தயாரித்த கலவையை அரைக்கிலோ பொட்டலமாகக் கால்நடை மருந்தகங்களில் விற்க வேண்டும். காட்டுப்பாக்கத்தில் பன்றி ஆராய்ச்சி நெடுநாளாக நடக்கிறது. ஒரத்தநாட்டில் 2012 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. பன்றி என்றதும் முகம் சுளிக்காமல், பாபநாசத்துத் தவிட்டுக்கு ஏற்ற பொட்டலம் ஒன்றை இவ்விரு நிலையங்களும் சேர்ந்து தயாரித்துத் தரலாம்.