தேநீர்க் குவளையில் ஓர் எஜமான்

தியானப் பகுதி: தானியேல் 1:8–16



மதுக்கடைக்கு விரோதமாக நான் பிரசங்கித்தபோதெல்லாம் நீங்கள் உரத்த சத்தமாய் ஆமென் சொன்னீர்கள். இந்த வாரம் நான் எழுதுவதற்கு ஆமென் சொல்வது உங்களுக்கும் எனக்கும் கடினமாயிருக்கும். இந்த அடிமைத்தனம் கடைவீதியில் மட்டுமல்ல, நம் சமையலறையிலும் ஆலய வராந்தாவிலும் குடியிருக்கிறது. சர்க்கரையையும், மைதாவையும், தவிடு போகத் தீட்டிய வெள்ளை அரிசியையும் குறித்தே சொல்லுகிறேன்.

முதலாவது என் குற்றத்தை அறிக்கையிடுகிறேன். வீடு சந்திப்புக்குப் போகிற நாளில் ஆறு வீடுகளில் ஆறு தேநீர். ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சர்க்கரை. கூட்டினால் ஏறக்குறைய 50 கிராம். ஒருவர் நாளொன்றுக்குச் சேர்த்துக்கொள்ளும் சர்க்கரை சுமார் 25 கிராமுக்குள் இருப்பதே மிகவும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வழிகாட்டியது. "வேண்டாம் என்றால் அவர்கள் மனம் நோகும்" என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. ஏழாம் வீட்டில் தேநீர் வராதபோது என் உள்ளம் முறுமுறுத்ததே, அது மீதி உண்மை.

நம்முடைய மேச்சேரி மானாவாரி பூமி. நம் முன்னோர் ராகிக் களியும் சோளச்சோறும் கம்மங்கூழும் உண்டு ஏர் உழுதார்கள். இன்று அவை "ஏழைச் சாப்பாடு" என்று நம் வீட்டுப் பிள்ளைகளே நகைக்கிறார்கள். வெண்மையே கௌரவம் என்று எண்ணுகிறோம். பக்கத்திலிருக்கும் ஓமலூர் வட்டாரத்து வெல்ல ஆலைகளில், கலப்படத்திற்காக வைத்திருந்த வெள்ளைச் சர்க்கரை மூட்டைகளை உணவுப் பாதுகாப்புத் துறையினர் பறிமுதல் செய்த செய்திகளை நாம் வாசித்திருக்கிறோம். ஆலைக்காரரை மட்டும் குற்றப்படுத்தாதிருங்கள். பளிச்சென்ற வெல்லத்தையே தேடி வாங்கியது நம் கண்களல்லவா? கலப்படமற்ற வெல்லமானாலும் அதுவும் சர்க்கரையே என்பதையும் மறவாதிருங்கள்.

தவிடும் முளையும் நீக்கப்பட்ட தானியத்தில் நார்ச்சத்து குறைந்துபோகிறது. அதன் மாவுச்சத்து விரைவில் குளுக்கோஸாகி இரத்தத்தில் ஏறுகிறது. அதைச் சமாளிக்கக் கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. ஏறியது இறங்கும்போது பலருக்கு மறுபடியும் பசி எழும்புகிறது. இனிப்போ மூளையில் இன்பத்தைத் தூண்டி, "இன்னும் ஒன்று" என்று கேட்கப் பழக்குகிறது. இது மதுவைப் போன்ற போதைதானா என்று அறிஞர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். விவாதம் முடியட்டும். விட நினைத்தும் விட முடியாததற்கு வேதம் வைத்திருக்கும் பெயர் அடிமைத்தனம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு, நம் தேசத்தில் சுமார் 10 கோடிப் பேர் நீரிழிவோடும், 13 கோடிக்கு மேற்பட்டோர் அதன் வாசலிலும் இருக்கிறார்கள் என்று மதிப்பிட்டது. பரம்பரை, உழைப்புக் குறைவு, உடற்பருமன் என்று காரணங்கள் பல உண்டு. ஆகையால் நோயுற்ற எவரையும் பாவி என்று சுட்டாதிருங்கள். ஆனால் ஆறாத புண்ணால் விரலை இழந்தவருக்காக முழங்காலில் நின்று ஜெபித்துவிட்டு, எழுந்தவுடன் அவர் கையில் கேக் துண்டைக் கொடுக்கிறோமே, இதற்கு அன்பு என்றா பெயர்?

"வாய்க்குள் போவது மனுஷனைத் தீட்டுப்படுத்தாது என்று ஆண்டவரே போதித்தாரே" என்பீர்கள். அவர் தீட்டைக் குறித்துப் பேசினார். அடிமைத்தனத்திற்கு அனுமதி எழுதித் தரவில்லை. தனக்கு அனுமதிக்கப்பட்டவைகளில் எதுவும் தன்னை ஆளக்கூடாது என்று பவுல் தீர்மானித்தார். "ரேஷன் அரிசியை உண்ணும் ஏழை என்ன செய்வான்?" என்பீர்கள். நியாயமான கேள்வி. 2023-இல் அண்டை மாவட்டமாகிய தருமபுரியின் ரேஷன் கடைகளில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக ராகி கொடுக்கத் தொடங்கினார்கள். நம் மாவட்டத்திற்கும் அதை நாம் கேட்கலாமே!

தானியேலைப் பாருங்கள். ராஜபோஜனத்தை அவர் ஒருவராக மறுக்கவில்லை. நான்கு வாலிபர் சேர்ந்து மறுத்தார்கள். அதிகாரியை அவமதிக்காமல், பணிவோடு பத்து நாள் சோதனை கேட்டார்கள். தனி மனிதன் மனஉறுதியால் மட்டும் ஜெயிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, எல்லா வாசலிலும் இனிப்போடு நிற்பது சபைக்கு அழகல்ல.

ஆகவே கேட்கிறேன். ஆராதனைக்குப் பின் தேநீரைச் சர்க்கரையின்றிக் கொடுப்போம்; வேண்டியவர் தாமே போட்டுக்கொள்ளட்டும். பிறந்தநாள் ஜெபத்தில் கேக்கிற்குப் பதில் சுண்டலோ வேர்க்கடலையோ வைப்போம். வீட்டு ஜெபக்குழுவாகச் சேர்ந்து பத்து நாள் இனிப்பையும் குளிர்பானத்தையும் மைதாவையும் விலக்கிப் பார்ப்போம். மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்டபின்பே உணவை மாற்றுங்கள். விசுவாசத்தின் பெயரால் மருந்தை நிறுத்தாதிருங்கள். சர்க்கரை திடீரென்று தாழ்ந்து மயக்கம் வந்தால், அப்பொழுது இனிப்பே மருந்து.

நான் உங்கள் வீட்டிற்கு வரும்போது ஒரு சொம்புத் தண்ணீர் தாருங்கள். அதைச் சந்தோஷமாய்க் குடித்து, உங்களோடு அமர்ந்து ஜெபிப்பேன். என் உள்ளம் முறுமுறுத்தால், எனக்காக நீங்கள் ஜெபியுங்கள்.

விடுதலையாக்குகிற கர்த்தர் உங்கள் வீட்டாரை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.