கைத்தொலைபேசி விளையாட்டும் பொதுவெளியும்

சிக்காகோவின் கிராண்ட் பூங்காவில் 2017 ஜூலை 22ஆம் தேதி நடந்த 'போக்கிமான் கோ' விழாவுக்கு ஏறத்தாழ 20,000 பேர் திரண்டனர். தொலைத்தொடர்பு வலையமைப்பு நெரிசலைத் தாங்கவில்லை. நுழைவுச்சீட்டுக் கட்டணம் திருப்பித் தரப்பட்டது.

அதே ஆண்டு நவம்பரில், ஜப்பானின் மிகக் குறைந்த மக்கள்தொகை கொண்ட மாகாணமான டொட்டோரியின் மணற்குன்றுகளிலும் இத்தகைய விழா நடந்தது. வீதிகளில் வாகன நெரிசல் ஏற்பட்டபோதும், பெருந்திரளானோர் அங்கு வந்தனர். மாகாண நிர்வாகம் 2016இலேயே வீரர்களை அங்கு வரவேற்றிருந்தது.

இருப்பிடம் சார்ந்த விளையாட்டுகள் மக்களை வீதிக்கு அழைத்துவர வல்லவை என்பதில் ஐயமில்லை. ஆனால் எந்த வீதிக்கு என்பதைத் தீர்மானிப்பது யார்?

2016இல் வாஷிங்டனில் உள்ள யூத இனப்படுகொலை நினைவு அருங்காட்சியகம், தன் வளாகத்தில் விளையாட வேண்டாமெனக் கேட்டுக்கொள்ள நேர்ந்தது. பூங்காக்களில் இத்தகைய விளையாட்டுகளுக்கு முன்னனுமதியைக் கட்டாயமாக்கிய மில்வாக்கி மாவட்டத்தின் விதியை, கருத்துச் சுதந்திரத்தைக் காரணங்காட்டி 2017இல் நீதிமன்றம் தடுத்து நிறுத்தியது.

ஆகவே, சட்டத்தை மட்டும் நம்பியிருக்க இயலாது. வரைபடம் நிறுவனத்தின் கையில் இருக்கலாம். வீதியோ அங்கு வாழ்பவர்களுடையது. அவர்களோடு முன்கூட்டியே கலந்து பேசாத விழா, கூட்டத்தைச் சேர்க்கும், சமூகத்தைச் சேர்க்காது.