தருமர் ஏறாத தேரும் நாம் ஏறிய பஸ்ஸும்

மலைநடை என்றதும் இமயத்தை நினைப்பவர் பலர். நம் மாணவர் அத்துணைத் தூரம் போகவேண்டியதில்லை. கண்டிக்கு அணித்தாகவுள்ள ஹந்தானையிலே தொடங்கி நுவரெலியாவிலே முடிகின்ற பீக்கோ நடைவழி 300 கிலோமீற்றருக்கு மேற்பட்டது. 22 பகுதிகளாக வகுக்கப்பெற்றது. ஆங்கிலேயர் காலத்திலே தேயிலை ஏற்றிச்செல்ல வெட்டிய பழந்தோட்டப் பாதைகளே அதிற் பெரும்பாலன. அவற்றுள் முதல் மூன்று பகுதிகளையும், கல்லூரி விடுதியில் என்னோடு ஓரறையில் வாழ்ந்த நண்பருடன் மூன்று நாளில் நடந்தேன். இருவரும் அறுபதைக் கடந்தவர்கள். முதுகிலே பை, கையிலே தடி. இருவராகப் புறப்பட்ட நாங்கள் இரண்டாம் நாட் காலையில் நால்வரானோம். பின்னர் வந்துசேர்ந்த அவ்விருவரைப் பற்றியே ஈண்டு எழுத விரும்புகின்றேன்.

கலஹாவைக் கடந்து ஒரு தோட்டத்து லயத்தருகே தேநீர் அருந்தினோம். செந்நிற நாயொன்றும், இன்னும் முழுவளர்ச்சி பெறாத கறுப்புப் பெட்டையொன்றும் எதிரே வந்து அமர்ந்தன. நண்பர் பிஸ்கற்றுப் பொதியைப் பிரித்தார். அன்று நாம் செய்த தவறு அவ்வளவே. ஆயின் அது சிறு தவறன்று. லயத்தின் எல்லையையும், கொழுந்து நிறுக்கும் மடுவத்தையும் கடந்து அவை எம்முடன் வந்தன. துரத்திவிடலாம் என்றேன். “தருமபுத்திரரைப் பின்தொடர்ந்த நாயை அவர் துரத்தினாரா?” என்று நண்பர் கேட்டார். தமிழாசிரியராயிருந்து இளைப்பாறியவர், அவருடன் வாதிடுவது எளிதன்று.

அவை உடன்வந்தது இன்பமே; அதனை மறைப்பது நேர்மையாகாது. பனிமூட்டத்திலே வழி தெரியாதவிடத்துச் செந்நாய் முன்னே போய் நின்று திரும்பிப் பார்க்கும். அட்டை கடித்த காலை நாம் தடவும்போது பெட்டையும் தன் காலை நக்கிக்கொண்டிருக்கும். ஜேம்ஸ் டெயிலர் 1867ஆம் ஆண்டிலே 19 ஏக்கரில் வாணிபத்துக்காகத் தேயிலை பயிரிட்ட லூல்கந்துரைத் தோட்டத்தை மாலையில் அடைந்தோம். நமது நாட்டின் பெருந்தொழில் பிறந்த இடத்தை, எங்கள் வரலாற்றறிவைச் சற்றும் பொருட்படுத்தாத இரண்டு தோழர்களுடன் கண்டோம்.

அங்கேதான் துன்பமும் தொடங்கிற்று. தோட்டத்து நாய்க்குத் தன் லயமே நாடு. அடுத்த தோட்டம் பகைப்புலம். ஐந்தாறு நாய்கள் சூழ்ந்துகொண்டன. நாம் தடியோடு இடையிற் புகுமுன் பெட்டையின் பின்னங்கால் கிழிந்தது. விசர்நாய்க்கடி நோய் நம் நாட்டிலே பெரும்பாலும் நாய்வழியாகவே பரவுவது. எங்கள் இரண்டுக்கும் தடுப்பூசி இடப்பட்டதா? எவருடைய நாய்கள் என்பதையே கேளாமல் வந்தவர்களுக்கு அது எப்படித் தெரியும்? இரவிலே சிறுத்தை வந்து நாயைக் கவ்விச்செல்வதுண்டு என்று காவற்காரர் கூறினார். இரண்டையும் அறைக்குள் வைத்துக்கொண்டு உறங்காது கிடந்தோம். சிறுத்தை ஒன்றுதானா? காட்டுப்பன்றிக்கு வைக்கும் சுருக்குக் கம்பிகளும் அம்மலைச்சாரல்களில் உள்ளன. 2020ஆம் ஆண்டு மே மாதத்தில் நல்லதண்ணியிலே அரிய கருஞ்சிறுத்தையொன்று அத்தகைய கம்பியில் அகப்பட்டுச் சில நாளில் மாண்டது. அது சிறுத்தையென்றும் நாயென்றும் பார்த்து இறுக்குவதன்று.

மூன்றாம் நாள் தவலந்தென்னைக்கு இறங்கினோம். பெட்டை நொண்டியபடி பின்னே வந்தது. பெருந்தெருவிலே கண்டி பஸ் வந்தது, கூட்டம் மிகுதி, நடத்துநர் விரைவுபடுத்தினார். நாம் ஏறினோம். இரண்டும் வளைவு வரையில் ஓடிவந்தன.

பேராதனை வரும்வரை நண்பர் வாய்திறக்கவில்லை. பின்னர், “தருமர் தேரில் ஏறவில்லை” என்றார். அக்கதையை நாமெல்லாம் சிறுவயதிற் படித்தோம். அத்தினாபுரத்திலிருந்து தானாகவே தொடர்ந்த நாயைக் கைவிட்டு வந்தாற் சுவர்க்கம் என்று இந்திரன் கூறவும், தருமர் மறுத்துவிட்டார். நாயை உடன்வர விட்டதிலன்று அவர் பெருமை. தேர் வந்து நின்றபோது அதனை விட்டு ஏறாமையிலேயே உள்ளது. கதையின் முற்பாதியைப் பிஸ்கற்றோடு எடுத்துக்கொண்டு, பிற்பாதியைப் பஸ் நிலையத்தில் இறக்கிவைத்துவிட்டோம்.

மறுவாரம் கலஹாவுக்குத் திரும்பிப் போனோம். செந்நாய் நான்காம் நாள் வந்துசேர்ந்ததாம். பெட்டை வரவில்லை. அது ஒரு பள்ளிச் சிறுவனுடையது. “கறுப்பிய எங்கன கடைசியா பார்த்தீங்க, ஐயா?” என்று மட்டும் கேட்டான். அவன் தகப்பனார் எங்களுக்குத் தேநீர் தந்தார். ஒரு சொல்லும் கடிந்து சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எளிதாயிருந்திருக்கும். தவலந்தென்னையிலே இரண்டு நாள் தேடினோம், கிடைக்கவில்லை.

எம் கல்லூரி மாணவர் விடுமுறைகளில் மலைநாட்டில் நடக்கின்றனர் என்று கேட்டு மகிழ்கின்றேன். பஸ் யன்னல் வழியாக மட்டும் மலைநாட்டைக் கண்ட தலைமுறை எங்களது. அவர்கள் கட்டாயம் நடக்கட்டும். நாயைக் கல்லெறிந்து துரத்தும்படியும் சொல்லேன், அது கொடுமை. முதலாவது பிஸ்கற்றைக் கொடாதிருத்தலே உண்மையான அன்பு. அதனையும் மீறித் தொடருமாயின், லயத்தின் எல்லையிலேயே நின்று, உரியவரை அழைத்துக் கையில் ஒப்படைக்க வேண்டும். அரைமணி தாமதித்தால் மலை ஓடிவிடாது. தம் வீட்டு நாயை அழைத்துச்செல்பவர் தடுப்பூசி இட்டு, வாரிற் பிணித்து, அதன் உணவையும் நீரையும் தம் பையிற் சுமக்கவேண்டும்; ஹோட்டன் சமவெளி போன்ற தேசிய வனங்களுக்கு நாயைக் கொண்டுபோதல் கூடாது. இவ்வளவு செய்தும் ஒரு நாய் இறுதிவரை வந்துவிட்டால், அதனை முச்சக்கர வண்டியிலேற்றி அதன் லயத்திற் கொண்டுபோய் விட்டபின்னரே வீடு திரும்பவேண்டும். அதற்கான கூலியைப் புறப்படுமுன்னரே பயணச் செலவுக் கணக்கில் எழுதிவைத்தல் நன்று. தவலந்தென்னையிலே எங்கள் இருவர் பையிலும் அதற்குப் போதிய பணம் இருந்தது.