பின் சக்கரம் போகும் வழி

தெருமுனையில் பஸ் திரும்புவதைக் கவனித்திருக்கிறீர்களா? முன் சக்கரம் நடைபாதையைத் தொடாமல் சமர்த்தாகப் போய்விடும். "அப்பாடா" என்று நாம் மூச்சு விடுவதற்குள் பின் சக்கரம் ஓரக் கல்லை உரசிக்கொண்டு வரும். டிரைவருக்கு ஓட்டத் தெரியவில்லை என்று சபிக்கும் மாமிகள் உண்டு. பாவம், அவர் என்ன செய்வார்! கணக்கு அப்படி.

நூலின் ஒரு முனையை நடுவில் அழுத்திக்கொண்டு, மறு முனையால் வட்டக் கோலம் போடுகிறோமல்லவா? வண்டி திரும்புவதும் அதுதான். நாலு சக்கரங்களும் ஒரே மையத்தைச் சுற்றி நாலு வட்டம் போடுகின்றன. பின் சக்கரங்கள் திரும்பாதவை. ஆகையால் மையம் பின் அச்சுக்கு நேராகவே அமையும். முன் சக்கரம் அந்தக் கோட்டுக்கு முன்னால் இருப்பதால் அதன் வட்டம் பெரிசு.

முன் பின் சக்கரங்களுக்கு இடையே 6 மீட்டர் என்று வையுங்கள். உள்பக்கப் பின் சக்கரம் மையத்திலிருந்து 8 மீட்டரில் சுற்றினால், அதே பக்கத்து முன் சக்கரம் 10 மீட்டரில் சுற்றும். பள்ளிக்கூடத்து பிதாகோரஸ்தான்! வித்தியாசம் 2 மீட்டர். முனையில் வண்டி முழு வட்டம் அடிப்பதில்லை, ஆகவே சற்றுக் குறையும். ஆனால் தாம்பரத்தில், ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து முடிச்சூர் சாலைக்கு இடது கையாகத் திரும்பும் பஸ்ஸின் ஓரத்தில், குழந்தையைப் பிடித்துக்கொண்டு நிற்பவளுக்கு ஒரு முழமே பெரிய விஷயம். முன் சக்கரம் தாண்டியதும் காலை எடுத்து வைக்காதீர்கள். ஸ்கூட்டர் ஓட்டும் பெண்கள், திரும்பும் பஸ்ஸின் இடப்பக்கம் நுழையவே வேண்டாம்.

இன்னொரு வேடிக்கை. முன் சக்கரங்கள் இரண்டும் ஒரே அளவு திரும்புவதில்லை. நம் கணக்கில் உள்சக்கரம் சுமார் 37 டிகிரி சாய்ந்தால், 2 மீட்டர் தள்ளியிருக்கும் வெளிச்சக்கரம் 31 டிகிரிதான் சாய வேண்டும். இல்லாவிட்டால் டயர் தேய்ந்து கிறீச்சிடும். மயிலாப்பூர்த் தேருக்கு இந்த வசதி கிடையாது, சக்கரம் திரும்பாது. மாடவீதி முனையில் முட்டுக்கட்டை கொடுத்து, இழுத்து, தரையில் தேய்த்தேதான் திருப்புகிறார்கள். உயிரைப் பணயம் வைத்துச் சக்கரத்தடியில் கட்டை போடுகிறவர்களின் கைத்திறனுக்கு எந்த என்ஜினீயரும் தலைவணங்கலாம்.

குதிரை வண்டிக்கு இந்த உபாயத்தைக் கண்டுபிடித்தவர் மியூனிக் நகரத்து வண்டி செய்பவர் லாங்கன்ஸ்பெர்கர். லண்டனில் 1818-ல் அதற்குப் பேடன்ட் வாங்கிக்கொடுத்தவர் ருடால்ஃப் ஆக்கர்மன். இவர் படக்கடைக்காரர், பெண்களின் நவநாகரிக உடைகளை வர்ணச் சித்திரமாகப் போட்டு 1809 முதல் மாதப் பத்திரிகை நடத்தியவர்! மோட்டார்ப் புத்தகங்கள் இன்றும் அந்த அமைப்பை 'ஆக்கர்மன் ஸ்டியரிங்' என்றே சொல்கின்றன. செய்தவர் பெயரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.